பழைய சோத்துக் கோடு

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு லைன் வீடு இருக்கு, வரிசையா அஞ்சு ரூமு. ஈரோட்டுல தறிக் குடோன் பக்கம் குடியிருக்கவங்களுக்கு இது புதுசா தெரியாது, இப்ப முக்கால்வாசி லைன் வீட்ல வெளி மாநிலத்து ஆளுங்கதான் இருக்காங்க. போன மாசம் நான் சைட்ல இருந்து லீவுக்கு வந்தப்ப அம்மா சொன்னாங்க, "பின்னாடி பூராம் இந்திக்காரப் பசங்க கண்ணு, சாயங்காலமானா ஏதோ ஒரு எண்ணெயக் காய வைக்கறாங்க, தொண்டையெல்லாம் கமறுது"ன்னு. நான் அன்னைக்கு சாயங்காலமே பின்னாடி போய் பேசிட்டு இருந்தேன். ஒரு பையன் ஒடிசா, கஞ்சாம் ஜில்லா. ரெண்டு பேர் ஜார்கண்ட்ல கும்லா. ஒருத்தன் அசாம்ல திப்ருகர் பக்கம் டீ எஸ்டேட்ல பொறந்து வளர்ந்தவன். கடைசி ரூம்ல பீகார் தர்பங்கால இருந்து வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தையோட. அஞ்சு ரூம்லயும் வீட்ல பேசற மொழி இந்தி இல்ல. ஒடியா, குருக், சாத்ரி, மைதிலி. ஒருத்தர ஒருத்தர் கூப்புட்டுப் பேசறதுக்குத்தான் இந்தி, அதுவும் ஆளுக்கு ஒரு தினுசுல.

இத அம்மாகிட்ட வந்து சொன்னேன். அவங்க அடுப்பப் பார்த்துக்கிட்டே "அப்ப இவங்க எல்லாம் ஒரே ஊரு இல்லயா"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத உட்கார்ந்திருக்கேன்.

நான் பதினோரு வருஷமா சோலார் பம்பு மாட்டற வேலைல இருக்கேன். 2019ல விவசாயிங்களுக்கு சோலார் பம்பு குடுக்கற மத்திய அரசோட குசும் திட்டம் வந்ததுக்கு அப்புறம் வேலை ரொம்ப அதிகமாச்சு, ராஜஸ்தான், ஹரியானா, ஜார்கண்ட், ஒடிசா, அசாம், மேகாலயான்னு மாத்தி மாத்தி அனுப்புனாங்க. டூரிஸ்ட்டா போனா கோட்டை, கோயில், மலைன்னு பார்த்துட்டு வந்துருவோம். பம்பு மாட்டப் போனா அப்டி இல்ல, அந்த ஊர்க்காரங்க வீட்டுத் திண்ணைலயே பத்து நாள் படுத்துக் கெடக்கணும், அவங்க என்ன திங்கறாங்களோ அதத்தான் திங்கணும், முக்கியமா தண்ணி எத்தன அடில இருக்குன்னு கேட்கணும். ஒரு ஊரப் பத்தி நான் முதல்ல தெரிஞ்சுக்கறது அந்த அடிக்கணக்குதான். ஜெய்சல்மர் பக்கம் ஐநூறு அடி, அறுநூறு அடிக்கு பைப்பு இறக்கியிருக்கேன், அதுலயும் வர்ற தண்ணி சில இடத்துல உப்பு. பிரம்மபுத்திரா கரைல கைப்பம்புக்கு முப்பது அடி குழாய் போதும். ரெண்டும் ஒரே நாடு, ஒரே ரூவா நோட்டு. அந்த அடிக்கணக்கத் தெரிஞ்சுக்கிட்டாலே வீடு எப்படிக் கட்டுவாங்க, என்ன பயிர் வைப்பாங்க, குளிக்கறதுக்கு எவ்வளவு தண்ணி எடுத்துப்பாங்க, விருந்தாளிக்கு முதல்ல எதக் குடுப்பாங்கங்கறது வரைக்கும் பாதி புரிஞ்சுரும்.

நம்ம பேச்சுல இந்தியான்னா ரெண்டு பொட்டலம். வடக்கு, தெற்கு. அங்க அவங்க நம்ம எல்லாரையும் மதராசின்னு ஒரே மூட்டைல கட்டுனாங்கன்னு நமக்குக் கோவம், நியாயமான கோவம்தான். ஆனா நாம திருப்பி அதையேதான் செய்யறோம். எனக்கு இது நெஜமாவே மனசு வலிக்குது, ஏன்னா இத்தன வருஷத்துல நான் பார்த்ததுல வடக்கு தெற்குங்கற அந்த ஒத்தக் கோடு எங்கயுமே சரியா உழல. கோடு நிறைய இருக்கு. சோறு ஒரு கோடு, எண்ணெய் ஒரு கோடு, கல்யாண முறை ஒரு கோடு, மொழி ஒரு கோடு, வருஷப் பொறப்பு ஒரு கோடு. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தா எதுவும் பொருந்தாது.

முதல்ல சோறு. கன்னியாகுமரில இருந்து திப்ருகருக்கு விவேக் எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயில் ஓடுது, 2011ல ஆரம்பிச்சது, 4,100 கிலோமீட்டருக்கு மேல, நாட்டுலயே ரொம்ப தூரம் போற ரயில் இதுதான். கேரளா போய்ட்டு பாலக்காடு வழியா கோயமுத்தூர், ஈரோடு, சேலம்னு வரும். நான் அதுல ஈரோட்டுல ஏறி கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கேன், ரெண்டரை நாளைக்கு மேல ஆச்சு. ஜன்னல் ஓரத்துல உட்கார்ந்து பார்த்துட்டே வந்தா கிருஷ்ணா, கோதாவரி, அப்புறம் சிலிகா ஏரி தண்டவாளத்த ஒட்டியே வரும், கடல்னு நெனைக்கற அளவுக்குத் தண்ணி, அப்புறம் கட்டாக்ல மகாநதி, வங்காளத்துல ஃபராக்கா அணை மேலயே ரயில் கங்கையத் தாண்டும், அப்புறம் சிலிகுரி பக்கம் நாடே ஒரு கழுத்து மாதிரி ஒடுங்கி இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு வந்துரும், அந்தக் கழுத்துல நுழைஞ்சு அசாமுக்குள்ள போவோம். இவ்வளவு தூரத்துல வெளிய மாறாம வந்தது ஒண்ணே ஒண்ணு, நெல்லு வயல். மொழி நாலஞ்சு தடவ மாறிருச்சு, எழுத்து மாறிருச்சு, டீ மண் கப்புக்கு வந்துருச்சு, வயல் மட்டும் மாறல.

அந்த ரயில்ல ஒரு ஒடியாக் குடும்பம் பெர்ஹாம்பூர்ல ஏறுச்சு. மத்தியானம் ஒரு தூக்குச்சட்டியத் தெறந்தாங்க. பழைய சோறு. தண்ணியோட, பச்சமொளகா, வெங்காயம், பக்கத்துல வறுத்த மீனு. நான் பார்த்துட்டே இருந்தத கவனிச்சுட்டு அந்தம்மா ஒரு மூடில போட்டுக் குடுத்தாங்க. அவங்க அத பகாளான்னு சொல்றாங்க. பூரி ஜெகந்நாதருக்கே அது படையல். அப்புறம் ஊர் ஊரா இத கேட்டுட்டே போனேன். வங்காளத்துல பாந்தா பாத். அசாம்ல பொய்த்தா பாத். சத்தீஸ்கர்ல போரே பாசி. ஆந்திரால சத்தி அன்னம். கேரளால பழங்கஞ்சி. ராத்திரி வடிச்ச சோத்துல தண்ணிய ஊத்தி காலைல கரைச்சுக் குடிக்கற பழக்கம் கன்னியாகுமரில இருந்து பிரம்மபுத்திரா வரைக்கும் அறுபடாம போகுது. நான் மனசுக்குள்ள இதுக்கு பழைய சோத்துக் கோடுன்னு பேர் வெச்சிருக்கேன். தாளிக்கற எண்ணெய்தான் மாறும், ஒடிசால இருந்தே கடுகெண்ணெய், சோத்து மேல பச்சையாவே ரெண்டு சொட்டு விட்டுக்கறாங்க. எங்கம்மாவுக்குத் தொண்டை கமறுனது அந்த எண்ணெய்தான்.

இதுக்குக் காரணம் மழை. வருஷத்துக்கு 100 செண்டிமீட்டர் மழை பேயற இடத்தையெல்லாம் சேர்த்து மேப்புல ஒரு கோடு போட்டா, அது நாட்ட கிழக்கு மேற்கா ரெண்டாப் பிரிக்கும், கிழக்குப் பக்கம் பெரும்பாலும் நெல்லு, மேற்குப் பக்கம் கோதுமை, கம்பு, சோளம். அப்டிப் பார்த்தா எங்க ஈரோடு நெல்லு பூமியே இல்ல. இங்க மழை கம்மி. காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டுல வெட்டுனது, கீழ்பவானி வாய்க்கால் 1950கள்ல வந்தது, அந்தத் தண்ணிலதான் இங்க நெல்லு. வாய்க்கால் பாயாத மேட்டுல எங்க ஆத்தா, அதாவது பாட்டி, காலம் பூரா கம்பஞ்சோறும் கம்பங்கூழும்தான் சாப்பிட்டாங்க, நெல்லுச்சோறு நோம்பிக்குத்தான்.

இது எனக்கு முழுசாப் புரிஞ்சது பார்மர்ல. ராஜஸ்தான்ல பாக்கிஸ்தான் பார்டர் ஒட்டுன ஜில்லா. மே மாசம், வெயில் 45க்கு மேல, ஒரு டாணில தங்கியிருந்தோம், டாணின்னா காட்டுக்குள்ள தனியா நாலஞ்சு குடிசை. காலைல ஒரு மண் சட்டில எதையோ ஊத்திக் குடுத்தாங்க. குடிச்சா கம்பங்கூழு! கம்பு மாவ மோர்ல கரைச்சு வெயில்ல புளிக்க வெச்சுக் காய்ச்சறது, ராப்டின்னு சொல்றாங்க. எங்க ஆத்தா செத்து எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த ருசி எனக்கு பார்மர்லதான் திரும்பக் கெடச்சுது. எங்கூட வந்திருந்த தஞ்சாவூர்க்காரருக்கு அது தொண்டைல இறங்கவே இல்ல. தஞ்சாவூரும் ஈரோடும் தெற்கு, பார்மர் வடக்குன்னுதான நமக்குப் படிச்சுக் குடுத்திருக்காங்க.

அங்க தண்ணி சேர்க்கற விதத்தப் பத்தி தனியாவே எழுதலாம். வீட்டு முன்னாடி தரைய வட்டமா சரிவாக்கி, நடுவுல பூமிக்குள்ள ஒரு தொட்டி கட்டி, மழை பேயற அந்தச் சில நாள் தண்ணிய அதுக்குள்ள எறக்கி வெச்சுக்கறாங்க, டாங்கான்னு பேரு. மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி அந்த வட்டத்தக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமா வெப்பாங்க, செருப்புக் காலோட யாரும் அதுல ஏறக் கூடாது. சில ஊர்ல மணலுக்கு அடில ஜிப்சம் பாறை ஒரு தட்டு மாதிரி ஓடும், அந்தத் தட்டு மழைத்தண்ணி கீழ உப்புத் தண்ணியோட போய்ச் சேராம தாங்கிப் பிடிச்சிருக்கும், அதுக்கு மேல மட்டும் ஆள் நுழையற அளவுக்குக் குறுகலா கெணறு தோண்டுவாங்க, பேரின்னு சொல்றாங்க. கூட நாலடி தோண்டுனா தட்டு ஓட்டையாகி நல்ல தண்ணி போயிரும். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவங்கதான் தோண்டுவாங்க. மெஷின் வெச்சு அறுநூறு அடி போட்டுட்டு உப்புத் தண்ணியப் பார்த்துட்டு நின்ன எனக்கு, அந்தக் கெணத்தப் பார்த்தப்ப அவங்க மேல வந்த மரியாதை இன்னும் கொறையல.

அதே டாணில ஒரு மரம். கேஜ்டின்னு சொன்னாங்க. எங்கயோ பார்த்த இலையா இருக்கேன்னு பார்த்தா நம்ம வன்னி மரம். விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா நிக்குதே, அதேதான். நமக்கு அது கோயில் மரம், அவங்களுக்கு அதுதான் உசுரு. காய சாங்கிரின்னு பறிச்சுக் காயப்போட்டு வருஷம் பூரா கொழம்பு வைக்கறாங்க, இலை ஆட்டுக்கு, நெழல் பயிருக்கு. ஜோத்பூர் பக்கத்துல கேஜட்லி கிராமத்துல 1730ல ராஜாவோட ஆளுங்க இந்த மரத்த வெட்ட வந்தப்ப, அம்ரிதா தேவிங்கற அம்மா மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்கள வெட்டுனாங்க, அவங்க பொண்ணுங்கள வெட்டுனாங்க, அடுத்தடுத்து ஆளுங்க வந்து மரத்தக் கட்டிக்கிட்டே இருந்தாங்க, மொத்தம் 363 பேர் செத்துப் போனாங்க. பிஷ்னோய் ஜனங்க. இப்பவும் அவங்க ஊர்ல மானு பயமில்லாம வயலுக்குள்ள மேயறத நானே பார்த்தேன். மரத்துக்காக உசுரக் குடுத்த இந்தக் கதைய நம்ம பள்ளிக்கூடத்துல எனக்கு யாருமே சொல்லல, அத நெனச்சா இப்பவும் ஆதங்கமா இருக்கு.

இன்னொண்ணு. ஹோலி முடிஞ்சு எட்டாம் நாள் அங்க பாசோடான்னு ஒரு நோம்பி. அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கக் கூடாது, முந்தின நாள் ஆக்குன ஆறிப்போன சாப்பாடுதான், ராப்டியும் உண்டு. எதுக்குன்னு கேட்டா சீதளா மாதாவுக்குன்னாங்க. அம்மை போடற சாமி. சீதளான்னாலே குளுமையானவன்னு அர்த்தம். வேப்பிலையும் அந்த சாமிக்கு உரியது. மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தற ஊர்ல இருந்து போனவனுக்கு இத வேற யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. பெரியம்மை இந்தியாவுல கடைசியா வந்தது 1975ல, அதுக்கு முன்னாடி எத்தனையோ நூறு வருஷமா ரெண்டு ஊர்த் தாய்மாரும் காய்ச்சல்ல கெடந்த கொழந்தைக்காக ஒரே மாதிரிதான் குளுமைய வேண்டியிருக்காங்க. வடக்கு, தெற்குன்னு பிரிச்சு வெச்ச ரெண்டு ஊர இந்த சாமி சேர்த்து வெச்சிருச்சு.

ஆனா சும்மா எல்லாமே ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போகவும் எனக்கு இஷ்டமில்ல. நெஜமான வித்தியாசம் இருக்கு, அது ஆழமாவும் இருக்கு.

ஹரியானால ஜீந்த் பக்கம் ஒரு சைட். கூட வேலை செஞ்ச பையன் உள்ளூர்க்காரன், ராத்திரி பேச்சுவாக்குல எங்க வீட்டப் பத்திக் கேட்டான். எங்கப்பாவுக்கு எங்கம்மா சொந்த மாமன் பொண்ணு. அத நான் சாதாரணமாச் சொன்னேன். அவன் சாப்பிட்டுட்டு இருந்த தட்ட கீழ வெச்சுட்டான். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அவங்க முறைல மாமன் பொண்ணும் தங்கச்சி, அத்தை பொண்ணும் தங்கச்சி, அதோட விடாம ஒரே கோத்திரம்னா தங்கச்சி, ஒரே ஊர்ல பொறந்தாலே தங்கச்சி. நம்ம பாஷையப் பாருங்க, அப்பாவோட தங்கச்சியும் அத்தை, மாமியாரும் அத்தை, அம்மாவோட தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. கல்யாணத்த வார்த்தைக்குள்ளயே முடிஞ்சு வெச்சிருக்கோம். அவங்க பாஷைல இந்த நாலுக்கும் நாலு வார்த்தை. இராவதி கார்வேன்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளர், இந்த உறவுமுறைய வெச்சே இந்தியாவ நாலு மண்டலமாப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க, வடக்கு, நடு, தெற்கு, கிழக்குன்னு. அந்தக் கோடும் மொழிக் கோட்டோட ஒத்துப் போகாது. மராட்டி வடக்கத்தி மொழிக் குடும்பம், ஆனா மராட்டியத்துல பல சாதிகள்ல மாமன் பொண்ணக் கட்டிக்கறாங்க. 1955 இந்து திருமணச் சட்டம் எழுதுனவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கு, நெருங்குன ரத்த உறவுல கல்யாணம் கூடாதுன்னு எழுதிட்டு, வழக்கம் இருந்தா தடையில்லன்னும் சேர்த்து எழுதி வெச்சாங்க. அந்த ஒரு வரி இல்லாட்டி எங்க அப்பா அம்மா கல்யாணம் செல்லாது.

ரெண்டு நாள் கழிச்சு அவனே வந்து பேசுனான். அவங்க அக்கா கல்யாணத்துக்கு தாய்மாமன் வண்டி கட்டி சீர் கொண்டு வந்தத செல்லுல காட்டுனான், பாத்னு சொல்றாங்க அத, ராஜஸ்தான்ல மாய்ரான்னு பேரு. மாமன் வந்து எறங்குனதும் அவங்க அம்மா அழுதுட்டே ஆரத்தி எடுக்கறாங்க. எங்க ஊர்ல தாய்மாமன் சீர் வர்றதும் இதே மாதிரிதான்னு நான் சொன்னேன். பொண்ணக் கட்டிக்கற உரிமை அங்க இல்லயே தவிர, மாமன் மாமன்தான்.

கும்லா பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. சோட்டா நாக்பூர் பீடபூமி, சிவப்பு மண்ணு, சால் மரக்காடு. அங்க நான் பம்பு மாட்டுன ஊர்ல மூணு விதமான ஜனங்க இருந்தாங்க. ஓராவ் ஜனங்க பேசறது குருக். முண்டா ஜனங்க பேசறது முண்டாரி. ரெண்டு பேரும் சந்தைல பேசிக்கறது சாத்ரி. இதுல சாத்ரி இந்தி, போஜ்புரியோட சொந்தம். முண்டாரிக்குச் சொந்தக்காரங்க கம்போடியா, வியட்நாம்ல இருக்காங்க. குருக் நம்ம ஆளு, திராவிட மொழி. ஒரே ஊர்ல மூணு மொழிக் குடும்பம், ஒரே கெணத்துல தண்ணி எடுக்குது.

குருக் திராவிட மொழின்னு நான் படிச்சிருந்தேன், ஆனா காதுல கேட்கறது வேற. ஒரு பெரியவர்கிட்ட ஒவ்வொண்ணாக் காட்டிக் கேட்டேன். கண்ணக் காட்டுனா ஃகன், தொண்டைல இருந்து வருது அந்த முதல் எழுத்து. பல்லுக்கு பல். வாய்க்கு பாய். நீ-க்கு நீன். அதுக்கு மேல ஒண்ணு. உன்னையும் சேர்த்துச் சொன்னா நாம், உன்ன விட்டுட்டுச் சொன்னா ஏம். நாம், நாங்கங்கற அந்த வித்தியாசம் இந்தில கெடையாது, இங்கிலீஷ்ல கெடையாது, ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் தள்ளி காட்டுக்குள்ள ஒரு தாத்தா வாய்ல அப்டியே இருக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஏறக்குறைய 20 லட்சம் பேர் இந்த மொழி பேசறாங்க 2011 கணக்குப்படி. இன்னைக்கு அவங்க பேரப்பசங்க ஈரோட்டுக்கு தறி ஓட்ட வந்தா இந்திக்காரன். சாத்ரி பேசறவங்கள சென்சஸ்லயும் இந்திக் கணக்குலதான் சேர்த்திருக்காங்க, அஞ்சு கோடிப் பேர் பேசற போஜ்புரியும் அதே கணக்குலதான். அந்த சென்சஸ்ல ஜனங்க தாய்மொழின்னு எழுதிக் குடுத்த பேர் மொத்தம் 19,569. அதச் சலிச்சு, பத்தாயிரம் பேருக்கு மேல பேசற மொழின்னு 121 ஆக்குனாங்க. அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணைல ஏறுனது 22. சந்தாலி, மைதிலி, போடோ, டோக்ரி நாலும் 2003லதான் அதுல ஏறுச்சு. குருக் இன்னும் ஏறல.

சாத்ரிய நான் அடுத்து கேட்டது அசாம்ல, திப்ருகர் டீ எஸ்டேட்ல. ஜார்கண்ட் எங்க, திப்ருகர் எங்க. வெள்ளைக்காரன் காலத்துல சோட்டா நாக்பூர்ல இருந்து கூலிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, நம்ம ஜனங்கள இலங்கைத் தோட்டத்துக்கும் வால்பாறைக்கும் கூட்டிட்டுப் போன மாதிரியேதான். அஞ்சாறு தலைமுறை ஆச்சு, பாட்டும் ஜூமுர் ஆட்டமும் போகல. அங்க இன்னொரு விசயம், சூரியன். நாட்டுல மேற்கு கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் வெயில் கணக்குல ரெண்டு மணி நேரம் வித்தியாசம், ஆனா கடிகாரம் ஒண்ணுதான். ஜூன் மாசம் நாலரைக்கெல்லாம் நல்லா விடிஞ்சிருது, டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கு லைட்டு போடணும். அதனால எஸ்டேட்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுக்கறாங்க, பாகான் டைம்னு பேரு. என்னைய எட்டு மணிக்கு வரச் சொல்லி நான் எட்டுக்குப் போனா அவங்களுக்கு ஒன்பது, பேனல் தூக்கறதுக்கு வந்த ஆளுங்க எல்லாம் காத்துட்டு இருந்தாங்க.

பிரம்மபுத்திரா நடுவுல இருக்கற மாஜுலித் தீவுலயும் ஒரு மாசம் இருந்தேன். அங்க மிஸிங்னு ஒரு பழங்குடி ஜனங்க மூங்கில் கால் நட்டு அதுக்கு மேல வீடு கட்டுவாங்க, கீழ தறி. வெள்ளம் வந்தா படகு வீட்டுக்கு அடிக்கே வரும். ஒரு காலத்துல ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல இருந்த தீவ ஆறு அரிச்சு அரிச்சு இப்ப அதுல பாதி கூட இல்ல. அந்த வீட்டுக்காரர் ஆத்துக்கு நடுவுல கை நீட்டிக் காட்டி, அங்கதான் நான் பொறந்த வீடு இருந்துச்சுன்னார். தண்ணிதான் தெரிஞ்சுது.

மேகாலயால சிரபுஞ்சிக்கு பம்பு மாட்டப் போனப்ப எல்லாரும் ஆச்சரியமாக் கேட்டாங்க, அங்க எதுக்கு பம்புன்னு. பக்கத்துல மௌசின்ராம்ல வருஷத்துக்கு 11,800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, உலகத்துலயே அதிகம். ஆனா பாறை மேல மண்ணு மெலிசு, பேஞ்சதெல்லாம் வங்கதேசச் சமவெளிக்கு ஓடிருது, குளிர்காலத்துல பொம்பளைங்க கொடத்தோட ஊத்துக்கு நடக்கறாங்க. அங்க இருக்கற காசிங்கற பழங்குடி ஜனங்க வீட்ல சொத்து கடைசிப் பொண்ணுக்கு. குடும்பப் பேரு அம்மா வழி. பேப்பர்ல கையெழுத்து வாங்க வீட்டுக்காரர்கிட்ட நீட்டுனேன், அவர் எங்கிட்ட திருப்பிக் குடுத்து, உள்ள இருந்த மனைவியக் கூப்பிட்டார். அவங்க வந்து படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டாங்க. முதல்ல எங்களுக்குக் குடுத்தது பாக்கு, வெத்தலை, சுண்ணாம்பு. அசாம்லயும் வீட்டுக்கு வந்தா அதுதான், தாமுல்னு சொல்றாங்க பாக்க. தாம்பூலம்னு நாம சொல்ற அதே வார்த்தைதான் அங்க அப்டி நிக்குது.

வருஷப் பொறப்பையும் சொல்லிடறேன். சித்திரை ஒண்ணு நமக்கு. கேரளாவுக்கு விஷு. பக்கத்து ஆந்திராவுலயும் கர்நாடகாவுலயும் பெரும்பாலானவங்களுக்கு அன்னைக்கு வருஷப் பொறப்பு இல்ல, அவங்க உகாதி நெலாக் கணக்கு. குஜராத்துக்கு தீபாவளிக்கு மறுநாள். ஆனா அதே சித்திரை ஒண்ணு சமயத்துல ஒடிசால பனா சங்கராந்தி, வங்காளத்துல பொய்லா பொய்ஷாக், அசாம்ல ரொங்காலி பிஹு, பஞ்சாப்ல பைசாகி, பீகார் மிதிலைல ஜூட் ஷீத்தல். பக்கத்து வீட்டுக்காரர் ஒத்து வரல, நாட்டோட அந்தக் கோடில இருக்கவங்க எல்லாம் நம்ம கூட நிக்கறாங்க.

வெளிய போக வேணாம், நம்ம மாநிலத்துக்குள்ளயே மதுரைல சௌராஷ்டிரா பேசறவங்க பல நூறு வருஷமா இருக்காங்க, நீலகிரில தோடர், படகர், கோத்தர்னு ஒரே மலைல மூணு மொழி. இது பத்தி தனியா எழுதறேன், இங்க தொட்டா நீண்டுரும்.

அந்த லீவு முடியறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை. காலைல தண்ணி லாரி வரல, பின்னாடிப் பசங்க எங்க வீட்டுக் கொழாய்ல பிடிச்சுக்கட்டும்னு அம்மாதான் சொன்னாங்க. கஞ்சாம் பையன் கொடத்த வெச்சுட்டு நின்னப்ப அம்மா திண்ணைல பழைய சோறு கரைச்சுட்டு இருந்தாங்க. அவன் சட்டியப் பார்த்துட்டு சிரிச்சுக்கிட்டே "பகாளா"ன்னான். அம்மா என்னப் பார்த்தாங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஒரு கிண்ணத்துல ஊத்திக் குடுத்தாங்க. அவன் சாப்பிடறதுக்கு முன்னாடி ஓடிப் போய் ரூம்ல இருந்து சின்ன பாட்டில் ஒண்ணு எடுத்துட்டு வந்து அவன் கிண்ணத்துல ரெண்டு சொட்டு விட்டுட்டு, அம்மா கிண்ணத்துக்கு நேரா பாட்டில நீட்டி கேள்வியாப் பார்த்தான். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் கிண்ணத்த நகர்த்தி வெச்சு, "ஒரு சொட்டு போதும் சாமி"ன்னாங்க.